டெல்லி – ஸ்ரீநகர்: நான் அனுப்பாத தந்தி

டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால் நீங்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் பதில் சொல்லிவிடுவீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். சொன்ன பதிலில் பிழையில்லை. அதற்கப்புறம் செய்த வேலையில்தான் பிழை. பயணச்சீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களிடம் நான் சாதித்தவற்றைச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் உங்களுக்கு உபயோகப்படப்போவது இதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. ஆறேழு வருஷம் எங்கெங்கோ அலைந்துவிட்டு, டவுனில் இருந்த ஒரு பயண முகவர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். எங்களுக்கு வேலையெல்லாம் கப்பல் டிக்கெட்தான். பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று போகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவோம், அம்மைப் பால் குத்திய சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்போம். வடக்கே போகிற விமானத்துக்கு இடம் கேட்டு வருஷத்துக்கு ஒருவர் வந்தால் அதிசயம். அதனாலேயே விமான அட்டவணைப் புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு மோகம் இருந்தது. சென்னையிலிருந்து தபாலில் வரும். பின்பக்கத்தில் இந்தியப் படம். ஊருக்கு ஊர் நேர்கோடு போட்டிருப்பார்கள். எந்த விமான நிலையத்திலிருந்து எதற்கு எத்தனை மைல், எத்தனை மணி என்று ஒரு கட்டம். வேலை இல்லாத பிற்பகல்களில் அதை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், சனிக்கிழமை காலை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஒரு பெரியவரும் அவருடைய மருமகளும் வந்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் வெள்ளையம்மாள். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. கையில் ஒரு தந்தி. அவளுடைய கணவர் கருப்பையா ராணுவத்தில் இருந்தார். காஷ்மீரில் மலைமேல் ஒரு காவல் சாவடியில் பனியில் மாட்டி, ஒரு பாதம் கெட்டுப்போய்விட்டது. ஸ்ரீநகர் ராணுவ மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், நிலைமை கடுமை, குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று தந்தி சொன்னது.

"ரயில்லயே போயிரலாமுங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

டெல்லி வரைக்கும் ரயில், அதற்குமேல் பதான்கோட் போய் அங்கிருந்து மலைப்பாதையில் பஸ், தை மாதத்தில் பனி விழுந்து பாதை அடைத்துவிட்டால் நாள் கணக்கில் வழியில் உட்கார வேண்டியிருக்கும் என்று சொன்னேன். பிறகு படத்தை விரித்து, டெல்லிமேல் ஒரு விரலும் ஸ்ரீநகர்மேல் ஒரு விரலும் வைத்தேன்.

"ப்ளேன்ல போனா நானூறு மைல் சொச்சம். ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரமா?" பெரியவர் என் விரல்களையே பார்த்தார். "நான் இங்கிட்டுப் பொன்னமராவதிக்குப் பஸ்ஸுல போகவே ரெண்டு மணி நேரம் ஆகுதுங்களே!"

வெள்ளையம்மாள் கேட்டாள்: "அப்ப என்னைக்கு அவுகளைப் பார்க்கலாம் சார்?"

ஞாயிற்றுக்கிழமை இங்கே ரயில் ஏறினால் திங்கள் காலை சென்னை. அன்று மாலை டெல்லி வண்டி. புதன்கிழமை டெல்லி. வண்டி தாமதமானாலும் பரவாயில்லை என்று ஒரு ராத்திரியை இடையில் விட்டு, வியாழன் காலை விமானத்தில் இடம் பிடித்தேன். ஒருவருக்குத்தான் இடம் கிடைத்தது. பெரியவருக்கு இளைப்பு நோய். அவ்வளவு தூரம் அவரால் முடியாது. நல்லவேளையாக அவர்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒரு ஹவில்தார், டெல்லியில் ராணுவ அலுவலகத்தில் எழுத்து வேலையில் இருந்தவர், விடுப்பு முடிந்து அதே ஞாயிறு கிளம்புவதாக இருந்தார். அவர் துணைக்குப் போய் விமானத்தில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு.

எல்லாம் முடித்த பிறகு, மருத்துவமனைக்கு நானே ஒரு தந்தி எழுதினேன். 'மனைவி வியாழன் மதியம் விமானத்தில் வந்து சேர்கிறார்.' அனுப்புபவர் என்ற இடத்தில் வெள்ளையம்மாள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். தலைமை எழுத்தர் படித்துப் பார்த்து, "சுருக்கமா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். அவள் போகும்போது என்னைக் கும்பிட்டாள். எனக்கு எதையோ சாதித்த மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு டெல்லியிலிருந்து ட்ரங்க் கால் வந்தது. ஹவில்தார் பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"சார், ப்ளேன் போயிட்டுத் திரும்பி வந்துருச்சு."

எனக்கு முதலில் புரியவில்லை. காலையில் சரியான நேரத்துக்குக் கிளம்பிய விமானம் மலைவரை போயிருக்கிறது. பள்ளத்தாக்கு முழுக்க மேகம் மூடி, இறங்க வழியில்லாமல் அப்படியே டெல்லிக்குத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்தப் பெண், ஹவில்தார் தனக்கு எழுதிக் கொடுத்திருந்த தொலைபேசி எண்ணை யாரிடமோ காட்டி, அவரை வரவழைத்திருக்கிறாள்.

"நாளைக்குப் போகலாம்னு சொல்றாங்க, போகாமலும் இருக்கலாம்னு சொல்றாங்க. இன்னைக்குச் சாயங்காலம் பதான்கோட்டுக்கு ஒரு ரயில் இருக்கு. எதுல அனுப்பட்டும்? நீங்கதான் சொல்லணும்."

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். புதுக்கோட்டையில் நல்ல வெயில். வடக்கே வானம் எப்படி இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? மனப்பாடம் செய்த கட்டம் கண்முன் வந்து நின்றது. ரெண்டு மணி நேரம். நாளைக் காலையில் மேகம் விலகினால் மதியத்துக்குள் அவள் அவர் பக்கத்தில் இருப்பாள். ரயிலிலும் பஸ்ஸிலும் போனால் எப்படியும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும். கணக்குப் போடுகிறவன் எவனும் விமானத்துக்குக் காத்திருக்கத்தான் சொல்வான். வாய்வரை வந்துவிட்டது.

எதனாலோ, "அந்தம்மாகிட்டக் குடுங்க" என்றேன்.

வெள்ளையம்மாளின் குரல் வந்தது. தொலைபேசியில் பேசுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். காதில் வைக்க வேண்டியதை வாயில் வைத்தாளோ என்னவோ, முதலில் வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"அம்மா, பயப்படாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒங்ககூடப் ப்ளேன்ல வந்தவங்க இப்ப எங்க?"

"பாதிப் பேரு இங்கனயே உக்காந்திருக்காக சார்."

"மீதிப் பேரு?"

"நீளமா அங்கி போட்டுக்கிட்டு, அங்கிக்குள்ள சின்னக் கூடையில நெருப்புச் சட்டி வச்சுக்கிறவுகளாம்ல, அந்த ஊருக்காரவுக, அவுக ஒருத்தரும் இல்ல. எறங்குன ஒடனே ஒருத்தர் வானத்தைக் காமிச்சு ஏதோ சொன்னாரு. எல்லாரும் மூட்டையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாக."

"எங்க போனாங்கன்னு ஹவில்தாரை விசாரிச்சுட்டு வரச் சொல்லுங்க."

ஹவில்தார் கேட்டுவிட்டு வந்து சொன்னார். ரயில் நிலையத்துக்கு.

அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் விமானத்தை நம்பாமல் ரயிலுக்குப் போகிறார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் என்னைப் போல அட்டவணை படித்தவர்கள். "ரயில்ல அனுப்புங்க. அவங்கள்ல யாராவது ஒரு குடும்பத்தோட சேர்த்து விடுங்க" என்றேன். எக்ஸ்சேஞ்சிலிருந்து குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்றார்கள். வைத்துவிட்டேன்.

என் முடிவு சரியாகப் போயிற்று. வெள்ளிக்கிழமை விமானம் போகவில்லை. சனிக்கிழமை சென்னை அலுவலகத்தில் விசாரித்தபோது அன்றைக்கும் போகவில்லை என்றார்கள். ஞாயிறும் போகவில்லை. காத்திருந்தால் அவள் திங்கட்கிழமைதான் போயிருப்பாள். தலைமை எழுத்தர் என் முதுகில் தட்டினார். நான் இதை அலுவலகத்தில் இரண்டு தடவையும், காப்பிக் கடையில் பல தடவையும் சொன்னேன். புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு காஷ்மீர் மேகத்தைக் கணித்தவன் என்று ஒரு பேர்கூடக் கிடைத்தது.

ஐந்து மாதம் கழித்து, ஆனி மாதத்தில், வெள்ளையம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். தலையில் ஒரு பலாப்பழம். எனக்காகத்தான் கொண்டுவந்திருந்தாள். உட்காரச் சொல்லி விசாரித்தேன். முதலில் அந்த விமானக் கதையைச் சொன்னாள். எங்கள் சிப்பந்திகள் எல்லாரும் சுற்றி வந்து நின்றார்கள்.

"ஏறி, மேல போயி, வெள்ளைவெளேர்னு மலையெல்லாம் பார்த்தேன் சார். ஏதோ சொன்னாக, எனக்கு வெளங்கல. அப்பறம் எறங்குச்சு. ஸ்ரீநகர் வந்துருச்சுன்னு போர்வையப் போத்திக்கிட்டு எறங்குனேன். காலையில பெட்டியை நிறுத்துனாகள்ல, அதே மாதிரி ஒரு தராசு அங்கயும் இருந்துச்சு. சரி, எல்லா ஊருலயும் ஒரே மாதிரித் தராசு வச்சிருக்காக போலன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரி விலாசத்தை எடுத்துத் தராசுக்காரர்கிட்ட நீட்டுறேன், பார்த்தா அந்த ஆளும் அதே ஆளு!"

எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு ரயிலில் கூட்டிக்கொண்டு போன குடும்பத்தைப் பற்றிச் சொன்னாள். ஒரு வார்த்தை பரஸ்பரம் புரியாமல் மூன்று நாள் பயணம். அந்த வீட்டு அம்மாள் தன் நெருப்புச் சட்டியைத் தூக்கி இவள் மடியில் வைத்துவிட்டாளாம். வழியில் பனி பெய்து ஒரு பகல் முழுக்கப் பஸ் நின்றிருக்கிறது. ஞாயிறு மதியம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாள்.

"இப்ப கருப்பையா எப்படி இருக்கார்?" என்றேன்.

"வீட்டுக்கு வந்து ஒரு மாசமாச்சு சார். முழங்காலுக்கு மேல எடுத்துட்டாக."

"தந்தியில பாதம்னுதானே இருந்துச்சு?"

"பாதத்தோட எடுத்தாப் போதும்னுதான் டாக்டரு மொதல்ல சொன்னாராம். புதன்கிழமையே வெட்டணும்னாராம். இவுக கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாக. 'எம் பொண்டாட்டி நாளைக்கு வாரா, என்னை முழுசா ஒருவாட்டி பார்த்துக்கிடட்டும், அப்பறம் வெட்டுங்க'ன்னு சொல்லியிருக்காக. தந்தியைத் தலமாட்டுல வச்சிருந்தாகளாம். வியாழன் போச்சு. வெள்ளியும் போச்சு. 'இந்தா வந்துருவா, இந்தா வந்துருவா'ன்னே கெடந்திருக்காக. வெள்ளி ராத்திரி காய்ச்சல் ஏறி நெனவு தப்பிருச்சு. சனிக்கிழமை காலையில மேல வரைக்கும் எடுத்துட்டாக. நான் போனது மறுநா."

பலாப்பழத்தை மேஜைக்கடியில் தள்ளிவைக்கக் குனிந்திருந்தேன். அப்படியே இருந்தேன். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

மருத்துவமனைக்கு நான் இன்னொரு தந்தி கொடுத்திருக்க வேண்டும். விமானம் திரும்பிவிட்டது, மனைவி பத்திரம், தரைவழியாக வருகிறார், காத்திருக்க வேண்டாம். அவ்வளவுதான். வியாழன் பிற்பகல் தொலைபேசியை வைத்த அடுத்த நிமிஷம் செய்திருக்க வேண்டிய வேலை. தந்தி அலுவலகம் நூறு அடி தூரத்தில் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. டெல்லியில் நின்ற பெண்ணைக் கிளப்பிவிட்டதும் என் வேலை முடிந்தது என்று காப்பி குடிக்கப் போய்விட்டேன். ஸ்ரீநகரில் ஒருவர் நான் எழுதிய நாளை நம்பிப் படுத்திருக்கிறார் என்பது ஐந்து மாதமாக என் நினைவுக்கே வரவில்லை.

வெள்ளையம்மாள் என்னைக் குறை சொல்லவில்லை. அது என் வேலை என்றே அவளுக்குத் தெரியாது. முந்தானையைத் திருகிக்கொண்டு தணிந்த குரலில் வேறொன்று சொன்னாள்.

"அவுக எங்கூடப் பேசுறதில்ல சார். 'வியாழக்கிழமை வாரேன்னு தந்தி குடுத்தியே, எங்கடி போனே'ன்னு அங்கயே கேட்டாக. ப்ளேன் திரும்பிருச்சுன்னு சொன்னேன். 'அப்ப ஒரு தந்தி குடுக்க ஒனக்கு வழியில்லையா, அந்த நெனப்பே ஒனக்கு இல்லையா'ன்னாக. அதோட சரி. கேட்டா பதில் வரும், தானாப் பேச மாட்டாக. எனக்குத் தோணலையே சார், நான் என்ன செய்ய?"

அவள் போனபிறகு தலைமை எழுத்தரிடம் விஷயத்தைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வல்லத்திராக்கோட்டைக்குப் போகப்போகிறேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"விடுய்யா. அந்தம்மாவே நம்மளை ஒண்ணும் சொல்லல. நீயாப் போயி ஏன் கழுத்தை நீட்டுற? போன காலு திரும்பி வரவா போகுது?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அவர் சொன்னதில் நியாயம்கூட இருந்தது. கால் திரும்பி வராது. ஆனால் அந்த இருவருக்கும் நடுவில் இன்னொன்று இன்னும் போய்க்கொண்டே இருந்தது. அதை நிறுத்த என் ஒருவனால்தான் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை இரவு முழுக்கப் போகாமலிருக்க ஒரு காரணம் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கருப்பையா வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம். வலது கால் வேட்டிக்குள் பாதியோடு முடிந்திருந்தது. ஊன்றுகோல் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. யார் என்று சொன்னேன். "வாங்க, ஒக்காருங்க" என்று கட்டிலில் இடம்விட்டார். பெரியவர் வயலுக்குப் போயிருந்தார். வெள்ளையம்மாள் வாசல்படியில் வந்து நின்றாள்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். முதல் தந்தியை எழுதியது நான். வியாழக்கிழமை என்று போட்டதும் நான். விமானம் திரும்பியதும் எனக்குத்தான் டெல்லியிலிருந்து பேசினார்கள். தரைவழியாகப் போகச் சொன்னதும் நான். உங்களுக்கு மறு தந்தி கொடுக்க வேண்டியவனும் நான்தான். கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன். இந்த அம்மாவுக்கு இதில் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவர் கையில் இருந்த கடலையை உடைக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தத் தந்தியைக் குடுத்திருந்தா எப்ப வந்திருக்கும்?"

பொய் சொல்ல ஒரு இடம் இருந்தது. வடக்கே கம்பி அறுந்திருக்கலாம், தாமதமாகியிருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். "வியாழக்கிழமை சாயங்காலமே" என்றேன்.

"ம்." கடலையை உடைத்தார். பருப்பை முறத்தில் போட்டார். "அன்னைக்குச் சாயங்காலம் டாக்டரு கையெழுத்துத் தாளோட வந்தாரு. இன்னொரு நாளு பொறுங்கன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

கோபப்படுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் வாசல்படிப் பக்கம் திரும்பினார்.

"வெள்ளையம்மா."

அவள் அசையவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருந்தது.

"இதை ஏன் நீ சொல்லல?"

"எனக்குத் தெரிஞ்சால்ல சொல்லுவேன்" என்றாள். "கையெழுத்து நாந்தானே போட்டேன்."

அவர் முறத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். "சாருக்கு எலை போடு. எனக்கும் போடு. நீயும் ஒக்காரு."

நான் சாப்பிட்டேன். மறுக்க என்னால் முடியவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்குமேல் இந்த வேலையில் இருந்தேன். யாருடைய பயணத்துக்கும் வந்து சேரும் நாளைத் தந்தியில் எழுதியதில்லை. கிளம்பிவிட்டார் என்று, கிளம்பியபிறகுதான் எழுதுவேன். வழியில் ஏதாவது மாறினால், கிளம்பியவரைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிஷமே காத்திருப்பவருக்குச் செய்தி சொல்வேன். உங்களுக்கு விதியாகச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

பஸ் ரோடுவரை வெள்ளையம்மாள் வழிகாட்ட வந்தாள். பஸ் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்ததும் சொன்னாள்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு சார். அவுக நம்புனது இருக்கட்டும். இத்தனை மாசமா நானே எம்மேலதான் தப்புன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்."